அலுமினியப் படகுக்கு எந்த ரிவெட்? ஒழுகும் படகைக் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இரண்டு கோடைக்கு முன்பு 14 அடி அலுமினியப் படகு ஒன்றை ட்ரெய்லரோடு சேர்த்து வாங்கினேன். கனடாவின் ஒன்டாரியோவில் இதை டின் போட் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒன்று இருக்கும், இல்லையென்றால் அவருடைய மைத்துனரிடம் இருக்கும். மே மாதக் கடைசியில் ரைஸ் லேக்கில் இறக்கி, பிக்கரெல் மீனுக்குத் தூண்டில் போட்டபடி ஒரு மணி நேரம் இருந்திருப்பேன். சப்பாத்துக்குள் ஏதோ குளிர்ந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கவிழ்த்துப் பார்த்தால், அடிப்பாகத்தில் பதினொரு இடத்தில் முந்தைய உரிமையாளர் சாதாரண பாப் ரிவெட் அடித்திருக்கிறார். தகடுகளைப் பிணைக்கும் ஆணிதான் ரிவெட்; அதில் ஒரு பக்கத்திலிருந்தே கம்பியை இழுத்து இறுக்கும் குழாய் வகை பாப் ரிவெட். நடுவில் ஊசி நுழையும் அளவுக்குத் துளை இருக்குமே, அதே ரிவெட். ஓட்டையை அடைக்க ஓட்டை உள்ள ஆணி!

அதற்குப் பிறகு என் படகில் நாற்பது ரிவெட் போல மாற்றியாயிற்று. நண்பர்கள் இருவரின் படகுகளிலும் கை வைத்தாயிற்று. கடையில் ரிவெட் பெட்டிகளின் முன்னால் திருதிருவென்று விழித்த அந்த முதல் நாளில் யாராவது சொல்லித் தந்திருக்கலாமே என்று நினைத்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

ரிவெட்டுக்கு இங்கே இரண்டு வேலை

தகரக் கூரையிலோ இரும்பு அலமாரியிலோ ரிவெட்டுக்கு ஒரே வேலைதான். இரண்டு தகடுகளைப் பிடித்து வைத்தால் போதும். படகில் அதோடு சேர்த்து, தான் புகுந்த துளையைத் தானே முழுக்க அடைக்கவும் வேண்டும். கடையில் எந்த ரிவெட்டைக் கையில் எடுத்தாலும் இந்த இரண்டாவது வேலையை இது செய்யுமா என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முழு ரிவெட், அதாவது உள்ளீடற்ற குழாயாக இல்லாமல் கெட்டியான தண்டாக இருப்பது, அடிபடும்போது தண்டு பருத்துத் துளையின் சுவரோடு இறுகிக்கொள்கிறது. நீர் நுழைய இடமே இருக்காது. தொழிற்சாலையில் உங்கள் படகைக் கட்டியபோது பெரும்பாலும் இதைத்தான் அடித்திருப்பார்கள்.

இந்த முறையே விமானத் தொழிலிலிருந்து வந்ததுதான். 1944-இல் கிரம்மன் விமான நிறுவனத்தின் துணைத் தலைவர் வில்லியம் ஹாஃப்மன், நியூயார்க் மாநிலத்தின் அடிரொண்டாக் மலைப்பகுதியில் கனமான மரக் கனூவை, அதாவது ஒடுங்கிய துடுப்புப் படகை, சுமந்து அலுத்துப்போய், விமானம் கட்டும் அலுமினியத்திலேயே ஒன்று செய்தால் என்ன என்று யோசித்தார். போர் முடிந்த கையோடு கிரம்மன் கனூக்கள் விற்பனைக்கு வந்தன. 1948-இல் மினசோட்டாவில் தொடங்கிய லண்ட் படகு நிறுவனம் போன்றவர்கள் மீன்பிடிப் படகுகளை அதே வழியில் கட்டினார்கள். இந்தக் கதையால் நமக்கு ஒரு நன்மை உண்டு. படகு ரிவெட்டுக்குத் தேவையான அளவுகள், எண்கள், கருவிகள் எல்லாம் விமானத் தொழிலில் ஏற்கெனவே வகுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. நல்ல முழு ரிவெட் வேண்டுமென்றால், ஹார்டுவேர் கடையை விட விமானப் பொருள் விற்கும் கடையில் கிடைக்க வாய்ப்பு அதிகம். அங்கே பவுண்டு கணக்கில் நிறுத்துக்கூட விற்பார்கள்.

முதலில், எந்த ரிவெட் ஒழுகுகிறது?

வாங்குவதற்கு முன் இதைக் கண்டுபிடியுங்கள். படகு ட்ரெய்லரில் இருக்கும்போதே உள்ளே தண்ணீர் ஊற்றி, கீழே படுத்துக்கொண்டு எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பதுதான் எளிய வழி. ஆனால் தண்ணீரின் கனத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 3.5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் உள்ள தரையில் 10 செ.மீ. ஆழத்துக்கு ஊற்றினால் 420 லிட்டர், அதாவது 420 கிலோ. படகு மிதக்கும்போது வெளியிலிருக்கும் நீர் அதைத் தாங்கும். ட்ரெய்லரில் இரண்டு மூன்று உருளைகள்தான் தாங்கும். அதனால் அடியின் நடுவே நீளவாக்கில் ஓடும் கீலுக்கு, நம் மீனவர்கள் ஏரா என்பார்களே அதற்கு, மரக்கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு, ஏழெட்டு சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சொட்டும் இடத்தை மார்க்கர் பேனாவால் வட்டமிடுங்கள். பென்சில் வேண்டாம். பென்சில் கரி கிராஃபைட்; ஈரத்தில் அது அலுமினியத்தை அரிக்கும். விமானப் பட்டறைகளில் தகட்டில் பென்சிலால் கோடு போட்டால் திட்டு விழுவது இதனால்தான்.

தண்ணீர் இல்லாமலும் சில அறிகுறிகள் தெரியும். ரிவெட் தலையைச் சுற்றிக் கறுப்புப் பொடி வால் போலப் படிந்திருந்தால் அந்த ரிவெட் ஆடுகிறது என்று அர்த்தம். உரசி உரசி வந்த அலுமினியத் தூள் அது. விமானக்காரர்கள் இதைப் புகையும் ரிவெட் என்பார்கள். சந்தேகமானதில் ஒருவர் விரலை வைத்திருக்க, மற்றவர் உட்பக்கம் லேசாகத் தட்டினால் அசைவு விரலுக்குத் தெரிந்துவிடும்.

ஒழுகும் எல்லா ரிவெட்டையும் மாற்ற வேண்டியதில்லை. தண்டு நன்றாயிருந்து, தலை தேயாமல், வெறுமனே தளர்ந்திருந்தால், வெளியே தலைக்கு ஒரு கனமான இரும்பை முட்டுக் கொடுத்து உட்பக்க வாலை, அதாவது தண்டின் நசுங்கிய மறுமுனையை, இரண்டு மூன்று அடி அடித்தாலே இறுகிவிடும். என் படகில் கிட்டத்தட்ட பாதி இப்படியே சரியானது. இது ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை பலிக்கும் வித்தை. அடிக்க அடிக்க அலுமினியம் இறுகிக் கெட்டியாகி, பிறகு வெடிக்கும். தலை உடைந்தது, தண்டு துளைக்குள் கடகடவென்று ஆடுவது, சுற்றிலும் வெள்ளைப் பொடியாக அரித்தது ஆகியவற்றை மாற்றத்தான் வேண்டும். அப்புறம், முந்தைய ஆள் அடித்த சாதாரண பாப் ரிவெட் நீர்மட்டத்துக்குக் கீழே எங்கே இருந்தாலும், ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும், கழற்றுங்கள். இன்று ஒழுகவில்லை என்றால் அதற்குள் அழுக்கு அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

உட்பக்கம் கை போகுமா?

எந்த வகை என்று தீர்மானிப்பது இந்தக் கேள்விதான்.

கை போகும் என்றால் முழு ரிவெட். கீல், விலா எலும்பு போல் குறுக்கே ஓடும் சட்டங்கள், இரண்டு தகடுகள் சேரும் மூட்டு, மோட்டார் தொங்கும் பின்பலகையின் ஓரம் எல்லாம் அலை அடிக்கும், இழுவிசை வாங்கும் இடங்கள். அங்கே வேறு எதையும் நான் அடிக்க மாட்டேன். சோம்பல் வரும், தெரியும். இருக்கைக்குக் கீழே தலையை நுழைத்து, கழுத்தைத் திருப்பி, இரண்டு பேர் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டு செய்யும் வேலை இது. ஆனாலும் ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் பல வருடம் மறந்துவிடலாம்.

கை போகாத இடங்களும் உண்டு. மிதவை நுரை அடைத்த இருக்கைப் பெட்டிக்குக் கீழே, பொருத்திய தரைக்கு அடியில், மீன் தொட்டிக்குப் பின்னால். அங்கே ஒரு பக்கத்திலிருந்தே அடிக்கக்கூடிய பாப் ரிவெட் குடும்பம்தான் வழி. ஆனால் அதில் மூடிய முனை வகை மட்டும். பெட்டியில் குளோஸ்டு எண்ட் அல்லது சீல்டு என்று போட்டிருக்கும். சாதாரண பாப் ரிவெட்டின் குழாய் இருபக்கமும் திறந்தது. நடுவில் இழுக்கும் கம்பி உடைந்ததும் அதன் வழியே நீர் வரும். மூடிய முனை வகையில் குழாயின் அடி, ஊசி வேலைக்காரர்கள் விரலில் போடும் தொப்பி போல மூடியிருக்கும். கம்பியின் தலை அந்தத் தொப்பிக்குள்ளேயே அடங்கிவிடுவதால் நீருக்கு வழி இல்லை. கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். அடிமுனையில் கம்பியின் குமிழ் வெளியே தெரிந்தால் அது திறந்த வகை. வழவழப்பாக மூடியிருந்தால் நமக்கானது.

இழுக்கும் கம்பி எதனால் ஆனது என்றும் பாருங்கள். உடல் அலுமினியமாகவும் கம்பி சாதா இரும்பாகவும் வருவது மலிவு. உடைந்த கம்பியின் நுனி தலையின் குழியில் தங்கி, அங்கே ஈரம் நின்று துருப்பிடித்து, படகின் வயிறெல்லாம் பழுப்புக் கண்ணீர் வழியும். கம்பியும் அலுமினியமாக இருப்பது நன்னீருக்குப் போதும். கூடுதல் பலம் வேண்டுமென்றால் ஸ்டெயின்லெஸ் கம்பி. கடைக்குச் சின்னக் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். கம்பியில் சப்பென்று ஒட்டினால் இரும்பு. சில ஸ்டெயின்லெஸ்ஸும் லேசாக இழுக்கும், ஆனால் இரும்பு ஒட்டும் ஒட்டு வேறு.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். மூடிய முனை ரிவெட் நீரைத் தடுக்கும், ஆனால் ஒரே அளவுள்ள முழு ரிவெட்டின் பலம் அதற்குக் கிடையாது. வரிசையாக இருபது ரிவெட்டில் இரண்டு மூன்று இப்படி இருக்கலாம். கீல் முழுக்க இதையே அடித்துவிட்டு, அடுத்த கோடையில் பாறை மேல் ஏற்றிவிட்டு வருத்தப்பட வேண்டாம்.

எந்த உலோகம்?

இதில்தான் பலர் நல்ல எண்ணத்தோடு தவறு செய்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது, பலமானது, ஆகவே அதுவே சிறந்தது என்று தோன்றும். துருப்பிடிக்காததுதான் இங்கே சிக்கல். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நீரில் நனைந்தால் சின்ன மின்கலம் போலாகிவிடும். இரண்டில் எது மட்டமோ அது கரையும். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் சேர்ந்தால் கரைவது அலுமினியம். ரிவெட் பளபளவென்று இருக்கும், அதைச் சுற்றியுள்ள துளை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகும். நன்னீரில் இது மெதுவாக நடக்கும். தகடு பெரியது, ரிவெட் சின்னது என்பதால் அரிப்பும் பரவலாகப் பகிர்ந்துகொள்ளப்படும். அதனால் அவசரத்துக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு ஒரு பருவத்தை ஓட்டியவர்கள் உண்டு. உப்புநீரில் அந்தச் சலுகை கிடையாது.

செம்பு, வெண்கலம் பக்கமே போகாதீர்கள். அலுமினியத்துக்குச் செம்பு பரம விரோதி. 1996-க்கு முந்தைய கனடிய ஒரு சத நாணயம் கிட்டத்தட்ட முழுக்கச் செம்பு. அது படகின் அடியில் ஈரத்தில் கிடந்தால் அந்த இடத்தில் தகட்டை அரித்துத் துளையே போட்டுவிடும் என்று பழைய படகுக்காரர்கள் எச்சரிப்பார்கள். இதே காரணத்தால், உளுத்துப்போன பின்பலகையை மாற்றும்போது செம்பு மருந்தேற்றிய பச்சை மரப்பலகையை வைக்கவே கூடாது. இது ரிவெட் விஷயம் இல்லை, ஆனால் பின்பலகை ரிவெட்டுகளைக் கழற்றுகிறவர் பெரும்பாலும் அந்தப் பலகையையும் மாற்றப் போகிறவர் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

ஆக, அலுமினியத்துக்கு அலுமினியம். அதிலும் கலவை பார்க்க வேண்டும். படகின் தகடு பெரும்பாலும் 5052 என்ற கலவை. அதில் இரண்டரை சதவீதம் போல மக்னீசியம். நீரைத் தாங்கும் குணம் அதிலிருந்து வருகிறது. கிரம்மன் கனூக்களில் 6061. ரிவெட்டில் உங்கள் கண்ணில் படப்போவது மூன்று.

1100 கிட்டத்தட்டச் சுத்த அலுமினியம். தலையில் எந்த அடையாளமும் இருக்காது. கைச் சுத்தியலாலேயே வெண்ணெய் போலப் படியும். அதனால் புதியவர்களுக்குப் பிடிக்கும். பலமோ மற்ற இரண்டில் மூன்றில் ஒரு பங்குதான். பெயர்ப்பலகை, தூண்டில் தாங்கி மாதிரியானவற்றுக்கு வையுங்கள். அடிப்பாகத்துக்கு வேண்டாம்.

2117 விமானங்களில் மிக அதிகமாகப் புழங்குவது. விமானப் பொருள் எண்களில் ஏ.டி. என்று குறிப்பிடுவார்கள். தலையின் நடுவே சின்னக் குழிப் புள்ளி இருக்கும். பலமானது, அடிக்க இசைவானது, எளிதாகக் கிடைப்பது. ஆனால் இதில் இரண்டரை சதவீதம் போலச் செம்பு இருக்கிறது. நன்னீர் ஏரியில், சீலன்ட் என்ற நீர்தடுக்கும் பசையைப் பூசி, மேலே பெயின்ட் அடித்து வைத்தால் நெடுநாள் உழைக்கும். என் படகின் உட்சட்டங்களில் சில இதுதான்.

5056 தான் படகுக்கு உகந்தது. எண்களில் பி என்ற எழுத்து; தலையில் மேடாகச் சிலுவைக் குறி. ஐந்து சதவீதம் போல மக்னீசியம், செம்பு ஏறக்குறைய இல்லை. 5052 தகட்டோடு ஒரே குடும்பம், சண்டை வராது. அடித்து முடித்தபின் வெட்டுவலிமை, அதாவது தண்டைக் குறுக்கே வெட்டும் விசையைத் தாங்கும் பலம், சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டு, 2117-க்கு 30,000. இந்த வித்தியாசத்தைப் படகு உணராது. 3/16 அங்குல ரிவெட் ஒன்றே 350 கிலோவுக்கு மேல் தாங்கும் என்று கணக்கு வருகிறது. கடல்நீரில் ஓட்டுவதென்றால் இதைத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

2017, 2024 என்றும் கண்ணில் படலாம். பலத்தில் அவை பெரியண்ணன்கள்தான். ஆனால் செம்பு நாலு சதவீதம் அளவில். அதோடு, சூடேற்றிப் பதப்படுத்தி, குளிர்பெட்டியில் வைத்திருந்து எடுத்தவுடன் அடிக்க வேண்டிய ரிவெட்டுகளும் இந்த வகையில் உண்டு. நமக்கு எதற்கு அந்த வம்பு?

அளவு: இங்கே அவசரப்படாதீர்கள்

பருமனைக் கண்டுபிடிப்பது சுலபம். கழற்றிய பழைய ரிவெட்டின் தண்டை வெர்னியரால் அளந்து பாருங்கள். 14 அடிப் படகுகளில் பெரும்பாலும் 3/16 அங்குலம், அதாவது 4.8 மி.மீ. வரும். மெல்லிய தகட்டில் 5/32, 1/8 கூட இருக்கலாம். கனமான தகடு எதுவோ அதன் தடிமனில் மூன்று மடங்கு என்பது பொது விதி. 0.063 அங்குலத் தகட்டுக்கு மூன்று மடங்கு 3/16 ஆகிறது. கணக்கும் படகும் ஒத்துப்போகின்றன.

நீளத்தில்தான் எல்லோரும் சறுக்குவது. முதலில் பிடிப்பு, அதாவது ரிவெட் துளைத்துச் செல்லும் அடுக்குகளின் மொத்தத் தடிமன். அதோடு பருமனில் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். அந்த ஒன்றரை மடங்குதான் உட்பக்கம் வாலாகப் படியும்.

தகடு 1/16, சட்டம் 1/16 என்றால் பிடிப்பு 1/8. 3/16-இன் ஒன்றரை மடங்கு 9/32. கூட்டினால் 13/32. ரிவெட்டுகள் 1/16 அங்குலப் படிகளில் வருவதால் அடுத்த பெரியது 7/16. கீலில் மூன்று அடுக்கு வரும். அங்கே பிடிப்பு 1/4 என்று வைத்தால் 17/32 வரும், வாங்க வேண்டியது 9/16. ஒரே நீளத்தைப் படகு முழுக்க அடிக்க முடியாது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும். குட்டையானால் வால் போதாது. நெட்டையானால் தண்டு சாய்ந்து மடங்கும். சற்று நீளமாக வாங்கி வெட்டிக்கொள்ளலாம், குட்டையை நீட்ட முடியாது.

இப்போது விமான எண் புரியும். பி6-7 என்றால் 5056 கலவை, 6/32 அதாவது 3/16 பருமன், 7/16 நீளம். முதல் எண் முப்பத்திரண்டில் ஒன்றுகள், இரண்டாவது பதினாறில் ஒன்றுகள். எழுத்துக்கு முன்னால் வரும் 470 பொதுவான உருண்டைத் தலையைக் குறிக்கும். 426 என்றால் தகட்டோடு மட்டமாக அமிழும் 100 பாகைத் தலை. மெல்லிய படகுத் தகட்டில் அதற்குக் குழி வெட்டினால் தகடே கத்திமுனை போலாகிவிடும். பழைய ரிவெட் அப்படி இருந்தாலொழிய அதைத் தொடாதீர்கள். 470 போதும்.

மூடிய முனை பாப் ரிவெட்டுக்கு இந்த நீளக் கணக்கு செல்லாது. அதற்குப் பெட்டியில் போட்டிருக்கும் பிடிப்பு வரம்புதான் கணக்கு. பெட்டியில் எண் 62 என்றால் 6/32 பருமன், அதிகபட்சப் பிடிப்பு 2/16, அதாவது 1/8. 64 என்றால் அதே பருமன், பிடிப்பு 1/4 வரை. உங்கள் பிடிப்பு சரியாக 1/8 என்றால் 62-இன் விளிம்பில் நிற்கிறீர்கள். சீலன்ட்டும் பெயின்ட்டும் கொஞ்சம் இடம் எடுக்கும். அங்கே 63-ஐ எடுப்பேன். வரம்புக்கு மேல் போனால் கம்பி உடைந்துவிடும், ஆனால் அடுக்குகள் சேர்ந்திருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

கழற்றுவதும் துளையும்

தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கம்பியால் தட்டி ஒரு புள்ளி. பிறகு தண்டின் பருமனை விடச் சற்றுச் சிறிய டிரில் பிட்டால் தலையின் ஆழத்துக்கு மட்டும் துளையுங்கள். தகடு வரை போகக் கூடாது. பஞ்சை உள்ளே விட்டு நெம்பினால் தலை தெறித்துவிடும். உட்பக்கம் யாராவது மரக்கட்டை முட்டுக் கொடுக்க, தண்டைத் தட்டி வெளியே தள்ளுங்கள். ரிவெட் பிட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தால் நிறுத்துங்கள். அப்படியே தொடர்ந்தால் துளை முட்டை வடிவமாகிவிடும்.

துளையின் அளவுக்கு எண்ணிட்ட பிட்டுகள் உண்டு. 1/8 ரிவெட்டுக்கு 30-ஆம் எண், 5/32-க்கு 21, 3/16-க்கு 11, 1/4-க்கு எஃப் என்ற எழுத்துப் பிட். 11-ஆம் எண் 0.191 அங்குலம், ரிவெட்டை விட நூலிழைதான் பெரியது. தண்டு பருத்து நிரப்ப வேண்டியது அந்த நூலிழையைத்தான். மூடிய முனை வகைக்குத் துளை இன்னும் முக்கியம், ஏனென்றால் அதன் தண்டு முழு ரிவெட் அளவுக்குப் பருக்காது. பெட்டியில் போட்டிருக்கும் பிட்டையே பயன்படுத்துங்கள்.

துளை ஏற்கெனவே பெரிதாகியிருந்தால், சீலன்ட்டை அப்பிப் பழைய அளவையே அடிக்கலாம் என்று மனம் சொல்லும். கேட்காதீர்கள். அடுத்த பருமனுக்குப் போங்கள். அதற்கு முன் ஓரத்தை அளந்துகொள்ளுங்கள். துளையின் நடுவிலிருந்து தகட்டின் விளிம்பு வரை ரிவெட் பருமனில் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும், இரண்டரை இருந்தால் நிம்மதி. 1/4 அங்குல ரிவெட்டுக்கு அரை அங்குலம். அவ்வளவு இல்லையென்றால் அங்கே பெரிய ரிவெட் தகட்டைக் கிழிக்கும். 5052 தகட்டில் ஒட்டுப்போட்டுப் புதிய இடத்தில் துளையிடுவதுதான் வழி. துளையிலிருந்து வெடிப்பு கிளம்பியிருந்தாலும் அப்படியே. வெடிப்பின் நுனியில் சின்னத் துளை போட்டு நிறுத்திவிட்டுத்தான் ஒட்டு.

பிசிறுகளைச் சுரண்டி எடுங்கள். தேய்ப்பதற்கு ஸ்டெயின்லெஸ் பிரஷ் மட்டும். சாதா இரும்பு பிரஷ்ஷின் துகள்கள் தகட்டில் குத்தி நின்று பிறகு துருவாக வெளிவரும்.

அடிப்பது

முதல் ரிவெட்டைப் படகில் அடிக்காதீர்கள். அதே தடிமனில் இரண்டு துண்டுத் தகடு எடுத்து, பத்துப் பன்னிரண்டு அடித்துப் பழகுங்கள். என் முதல் ஐந்தையும் பார்த்து மனைவி, "இது என்ன, மிதிச்ச முறுக்கா?" என்று கேட்டார்.

ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே. காற்றழுத்த ரிவெட் கன் இருந்தால், தலைக்கு ஏற்ற குழிவுள்ள முனையோடு வெளியிலிருந்து அடிக்க, உள்ளே இருப்பவர் வாலில் ஒரு கனமான எஃகுக் கட்டையை அழுத்திப் பிடிப்பார். பக்கிங் பார் என்பது இதுதான். 3/16 ரிவெட்டுக்கு 4 முதல் 5 பவுண்டு எடை, சுமார் 2 கிலோ, வேண்டும். இலேசான இரும்பானால் அது எகிறிக் குதிக்கும், வால் படியாது. கன் இல்லாதவர்கள் முறையைத் திருப்பிக்கொள்ளலாம். வெளியே தலைக்குக் குழிவுள்ள கனமான இரும்பு முட்டு, உள்ளே வாலில் சுத்தியல். இரண்டிலும், சின்னச் சின்னதாக முப்பது அடியை விடத் தயங்காத ஐந்தாறு அடி நல்லது. நிறையத் தட்டினால் உலோகம் இறுகி வெடிக்கும் என்று முன்பே சொன்னேன். 5056 இதில் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

வால் எவ்வளவு படிந்தால் போதும்? அகலம் பருமனில் ஒன்றரை மடங்கு, உயரம் பருமனில் பாதி. 3/16-க்கு அகலம் சுமார் 7 மி.மீ., உயரம் 2.4 மி.மீ. காதுக்குப் பஞ்சு, கண்ணுக்குக் கண்ணாடி. தகரப் படகுக்குள் தலையை வைத்திருப்பவருக்கு அந்தச் சத்தம் கோயில் மணிக்குள் உட்கார்ந்த மாதிரி.

அடிக்கும் முன் தண்டிலும் தலைக்கு அடியிலும் கடல்சார் பாலியூரிதேன் சீலன்ட்டை ஒரு பொட்டு வையுங்கள். 3எம் 5200 பலரும் பயன்படுத்துவது. காய ஒரு வாரம் போல ஆகும், ஒட்டினால் உரிக்க முடியாது. ரிவெட்டைத் திரும்பக் கழற்றுவதானால் எப்படியும் துளைத்துத்தான் எடுக்கப்போகிறோம் என்பதால் அது குறையில்லை. குளியலறைச் சிலிக்கானை மட்டும் தொடாதீர்கள். வினிகர் வாசனை வரும் வகை காயும்போது அமிலத்தைக் கக்கி அலுமினியத்தைக் கடிக்கும். அதோடு, சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டும் ஒட்டாது, நல்ல சீலன்ட்டும் ஒட்டாது. என் படகின் மூட்டுகளில் முந்தைய ஆள் பூசியிருந்த சிலிக்கானைச் சுரண்ட ஒரு முழு வார இறுதி போயிற்று. சீலன்ட் உதவிக்குத்தான். துளையை நிரப்ப வேண்டியது ரிவெட்.

மூடிய முனை ரிவெட் அடித்தபின், தலையின் குழியிலும் ஒரு பொட்டு வைத்து வழித்துவிடுங்கள். 3/16-ஐக் கைக்கருவியால் இழுப்பது மணிக்கட்டுக்குத் தண்டனை. இரண்டு கையாலும் அழுத்தும் நீளக் கைப்பிடிக் கருவி வாங்குங்கள் அல்லது இரவல் வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் கம்பி உள்ளதென்றால் இது கட்டாயம்.

வாங்கும் பட்டியலும் கடைசிச் சோதனையும்

சாதாரண 14 அடிப் படகுக்கு என் கணக்கு இது: பி6-7 ஒரு கைப்பிடி, கீலுக்கு பி6-9 அரைக் கைப்பிடி, கை போகாத இடத்துக்கு மூடிய முனை 63-ம் 64-ம் ஒவ்வொரு சின்னப் பெட்டி, பெரிதான துளைகளுக்கு 1/4 அங்குலத்தில் பத்து, 11-ஆம் எண் பிட் மூன்று. பிட் நிச்சயம் ஒன்று உடையும். எண்ணி எண்ணி வாங்காதீர்கள். கோணலாகி வெட்டி எறிவது எனக்கு இன்னமும் நாலில் ஒன்று.

ஒரு வாரம் காயவிட்டு, முன்பு போலவே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முதல் சோதனையில் தெரியாத இடங்கள் இப்போது சொட்டலாம். பெரிய ஓட்டைகள் அடைபட்டதும் நீர் நின்று நிதானமாகச் சின்னவற்றைத் தேடிப் போகும். எனக்கு அப்படி மூன்று கிடைத்தன. குளிர்காலத்துக்குப் படகை வைக்கும்போது கவிழ்த்தே வையுங்கள். மூட்டுக்குள் தங்கிய நீர் உறையும்போது ஒன்பது சதவீதம் போல விரியும். நவம்பரில் ஒழுகாத படகு ஏப்ரலில் ஒழுகுவதற்கு ஒன்டாரியோவில் இது ஒன்றே போதும். ஆகவே ஏப்ரலில் ட்ரெய்லரில் இருக்கும்போதே இன்னொரு முறை, அந்த மார்க்கரோடு.